ஒன்றரை அடுக்கைத் தாண்டியதும்

மூலக்கூறுக் கற்றையால் படிகம் வளர்க்கும் எம்பிஇ இயந்திரத்தின் சாளரம் உள்ளங்கை அகலம்தான். அதன் வழியே பார்த்தால் சூடேற்றியின் மங்கிய சிவப்பு தெரிகிறது. அதன் முன்னே தலைகீழாகத் தொங்குகிறது காலியம் ஆர்சனைடு வில்லை. கலத்தின் உள்ளே அழுத்தம், வெளிக்காற்றில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. சுவரைச் சுற்றி திரவ நைட்ரஜன் ஓடுகிறது. வேண்டாத அணு ஒன்று வந்து ஒட்டினாலும் வேலை கெட்டுவிடும் என்பதால் இத்தனை காவல்.

580 டிகிரியில் வில்லையின் ஆக்சைடு ஏற்கெனவே விரட்டப்பட்டு, மேலே புதிதாகக் காலியம் ஆர்சனைடு வளர்த்து, 500 டிகிரி அளவுக்கு ஆறவிட்டிருந்தார்கள். "இனிமே திரையை மட்டும் பாருங்க சார்" என்றார் ஆய்வு மாணவி. இண்டியம் மூடி திறந்தது.

திரையில் பச்சைக் கோடுகள் நெடுக நின்றன. வில்லையை உரசுவதுபோல ஒன்றிரண்டு டிகிரிச் சாய்வில் பாயும் எலக்ட்ரான் கற்றை எழுதும் கோடுகள் அவை. கோடாக இருக்கும்வரை பரப்பு சமதளம். அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கண் இமைத்திருந்தால் தவறவிட்டிருப்பேன், கோடுகள் உடைந்து புள்ளிகளாயின. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரண்டு சாய்ந்த கீற்றுகள் கிளம்பின. புள்ளி என்றால் எலக்ட்ரான்கள் குன்றுகளுக்குள் புகுந்து வருகின்றன. கீற்று என்றால் அந்தக் குன்றுகளுக்குச் சரிவான முகங்கள் உண்டு. அப்போது படிந்திருந்தது 1.7 அணு அடுக்கு.

காரணம் அளவுப் பொருத்தமின்மை. காலியம் ஆர்சனைடின் அணிக்கோவை இடைவெளி 5.65 ஆங்ஸ்ட்ராம், இண்டியம் ஆர்சனைடுக்கு 6.06. அறையைவிட அகலமான ஜமுக்காளத்தை விரிப்பதுபோல, மேலே வருகிற அணுக்கள் 7 சதவீதம் நெருக்கிக்கொண்டுதான் உட்கார முடியும். ஒன்றரை அடுக்குவரை பொறுத்துக்கொள்கின்றன. அதற்குமேல் குன்றாகக் குவிவதே லாபம்: குன்றின் உச்சியில் பக்கவாட்டுத் தடை இல்லை, அணுக்கள் தம் இயல்பான இடைவெளிக்கு விரியலாம். புதுப் பரப்பு உண்டாக்கும் செலவை அந்த இளைப்பாறல் ஈடுகட்டிவிடுகிறது. முதலில் படலம், பிறகு தீவு என்ற இந்த வளர்ச்சிக்கு, 1938-இல் அயனிப் படிகங்களைப் பற்றி எழுதிய பல்கேரியர்கள் ஸ்ட்ரான்ஸ்கி, கிராஸ்தனோவ் இருவர் பெயரே வழங்குகிறது.

அடுத்த அறையில், முன்பு வளர்த்த வில்லையின் அணுவிசை நுண்ணோக்கிப் படம். ஒரு சதுர மைக்ரானில் நூற்றுக்கு மேல் தீவுகள். அகலம் 20, 30 நானோமீட்டர், உயரம் ஐந்தாறு. யாரும் வரைந்துவைக்காமல் ஏறக்குறைய ஒரே அளவில் அவை நிற்பது என்னை அசத்தியது. வெப்பத்தைக் கூட்டி மெதுவாகத் தூவினால் எண்ணிக்கை குறைந்து உருவம் பெருக்கும். மனிதர் கையில் இருப்பது அவ்வளவுதான்.

அடுக்கிவைத்தால் இன்னும் வியப்பு. தீவுகளைக் காலியம் ஆர்சனைடால் மூடி, மேலே மறுபடி இண்டியம் தூவினால், புதிய தீவுகள் பழையவற்றுக்கு நேர் மேலே முளைக்கின்றன. 1995-இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மதுகர் குழு இதைக் காட்டியது. புதைந்த தீவு தனக்கு மேலுள்ள படிகத்தைச் சற்றே விரித்துவைக்கிறது. இண்டியம் அந்த வசதியான இடத்தைத் தேடிப் போகிறது. மூடும் அடுக்கு தடித்துவிட்டால் தகவல் மேலே எட்டாது.

பக்கவாட்டு ஒழுங்குதான் இன்னும் பாடுபடுத்துகிறது. ஒரு தீவிலிருந்து ஒற்றை ஒளித்துகள் பெறும் சாதனத்துக்கு அந்தத் தீவு குறித்த இடத்தில் வேண்டும். அதற்காக வில்லையில் முன்கூட்டியே நுண்குழிகள் செதுக்கி, தீவுகளை அங்கே அமரவைக்கிறார்கள். செதுக்கிய குழியில் மிஞ்சும் அழுக்கு ஒளியைக் கெடுக்கிறது என்பதால், மாணவியின் அடுத்த வாரம் முழுக்கக் குழி கழுவும் வேலைக்கே.