வீட்டுக்குத் தேதி உண்டு

பெங்களூரு பொம்மனஹள்ளியில் தையல் சாமான் கடை வைத்திருக்கிறவனுக்குப் பல விதமான பணம் பழக்கமாகிவிடும். நூல், ஜிப், பட்டன், லைனிங் துணி வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் பெண்கள். ஆலையில் நாள் முழுக்கக் காலர் மட்டும், அல்லது கை மட்டும் தைத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து முழு ரவிக்கை தைத்துக் கொஞ்சம் காசு பார்ப்பவர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பெண்கள் தமிழில் பேரம் பேசுவார்கள், மற்றவர்கள் கன்னடத்தில், ஒடிசாவிலிருந்து வந்த சின்னப் பெண்கள் இந்தியில். ஓசூர் சாலையைத் தாண்டினால் எச்.எஸ்.ஆர். லேஅவுட். அங்கே ஸ்டார்ட்அப் நடத்தும் இளைஞர்களும் எப்போதாவது கடைக்கு வருவார்கள். போனில் அவர்கள் பேசுவது கோடிக்கணக்கில் இருக்கும்.

இரு தரப்பும் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இளைஞர்களுக்கு எவ்வளவு என்பது கணக்கு. பெண்களுக்கு எப்போது என்பது கணக்கு. "ஆவணியில முகூர்த்தம்ணா, அதுக்குள்ள சீட்டு எடுத்துடணும்" என்று ஒரு பெண் சொன்னார். முன்னாலேயே எடுப்பதென்றால் ஏலத்தில் சில ஆயிரம் தள்ளித்தான் எடுக்க வேண்டும். பார்க்கிறவனுக்கு அது நஷ்டம். அவருக்கு அது முகூர்த்தத்துக்குக் கட்டிய விலை. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், தங்கை பிரசவம் என்று வீடு கேட்பதற்கெல்லாம் தேதி இருக்கிறது. தேதி போன பிறகு வரும் பணம், எவ்வளவு பெரிதானாலும், அந்தக் காரியத்துக்கு உதவாது.

2016 ஏப்ரல் 18 அன்று ஓசூர் சாலை அடைபட்டதும் இந்தக் கணக்கால்தான். பி.எஃப். கணக்கில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதலாளி தரும் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியத்துக்குப் போய்விடும், பி.எஃப். கணக்கில் சேர்வது மீதி 3.67 தான். கேட்கிறவர்களுக்கு அற்பமாகத் தெரியும் இந்தத் தொகைக்காகப் பெண்கள் மெஷினை விட்டு எழுந்து வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். பெரிய சங்கத் தலைவர் யாரும் முன்னால் நிற்கவில்லை. மறுநாள் போராட்டம் பீன்யா, ஜாலஹள்ளி வரை பரவியது. பஸ் எரிந்தது, போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது. அன்றே அரசு விதியைத் திரும்பப் பெற்றது.

அந்த விதியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதுமைக்குச் சேமிப்பு வேண்டியதுதான். ஆனால் கார்மெண்ட்ஸில் 58 வயது வரை மெஷினில் உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேர்? முதுகும் கண்ணும் அதற்கு முன்பே விடை சொல்லிவிடும். பல பெண்கள் வேலையை விட்டு, கணக்கை முடித்து, அந்தப் பணத்தில் மகளுக்குக் கல்யாணம் பண்ணிவிட்டு, வேறு ஆலையில் புதிதாகச் சேர்வது அப்போது வழக்கம். விதி எழுதியவர்கள் தொகையைப் பாதுகாத்தார்கள், தேதியை மறந்துவிட்டார்கள்.

இதே சாலையில் கொஞ்ச தூரம் போனால் எலக்ட்ரானிக் சிட்டியில் இன்ஃபோசிஸ். 1981இல் சுதா மூர்த்தி தன் சேமிப்பிலிருந்து கொடுத்த 10,000 ரூபாயில் தொடங்கிய கம்பெனி. இருவரில் ஒருவர்தான் கம்பெனியில் இருக்கலாம் என்று கணவர் நாராயண மூர்த்தி சொல்ல, தான் வெளியே நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டதாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 2023இல் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. ஒருவர் 70 மணி நேரம் வெளியே உழைக்க, வீட்டின் தேதிகளை இன்னொருவர் சுமக்க வேண்டியிருக்கிறது. கார்மெண்ட்ஸ் பெண்ணோ வாரம் 48 மணி நேரம் மெஷினிலும் இருந்து, அந்தத் தேதிகளையும் தானே சுமக்கிறாள். அவளுடைய மணிகளை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

சொந்தத் தொழில் செய்கிறவனின் சிக்கல் வேறு. சம்பளக்காரர் பணத்தை அரசு பூட்டினால் சாலையில் உட்காரலாம். நம் பணத்தை நாமே அல்லவா பூட்டிக்கொள்கிறோம்! தீபாவளிச் சரக்கு விற்றால் யுகாதிச் சரக்கு. அது தீர்ந்தால் ஒரு ரேக், ஒரு ஏ.சி. தொழில் கேட்பதற்குத் தேதியும் இல்லை, முடிவும் இல்லை. வீட்டில் பீஸ் கட்ட வேண்டிய நாளில் பணம் முழுக்க ஜிப்பும் பட்டனுமாக அலமாரியில் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி போல, வணிகச் சமூகமான நகரத்தாரிடம் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் இருந்தது. மணமான மகன் அதே வீட்டில்தான் இருப்பான். ஆனால் தனி அடுப்பு, தனிக் கணக்கு, வருஷத்துக்கு இவ்வளவு என்று படியளப்பு. பர்மாவிலோ மலாயாவிலோ கொடுக்கல் வாங்கல் எப்படி நடந்தாலும் குடும்பச் செலவுக்கு ஒரு வரம்பு இருக்கும். பணத்தில் இருந்த அந்தத் தெளிவு ஆளுக்குக் கிடைக்கவில்லை. கடல் கடந்து கொண்டு விற்கப் போனவர் மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்புவார். பிள்ளைக்கு அப்பா முகம் பழகவே நாளாகும்.

நான் அவர்களிடம் எடுத்துக்கொண்டது பாதி. மாதம் பிறந்ததும் வீட்டுப் பணம் தனி அக்கவுண்டுக்குப் போய்விடும். கடை கேட்டாலும் தொடுவதில்லை. ஞாயிறு மதியத்தோடு ஷட்டர் இறங்கும். கார்மெண்ட்ஸுக்கு விடுமுறை என்பதால் ஞாயிறுதான் நல்ல வியாபார நாள். நஷ்டம் தெரிந்தே இறக்குவது. "ஆள் மட்டும் வந்தா போதாது, போன் கடையிலேயே இருக்கட்டும்" என்கிறாள் மனைவி. அந்தப் பாக்கி இன்னும் தீரவில்லை.

இருப்பதே போதும் என்று உபதேசம் செய்ய எனக்கு மனமில்லை. லாபம் இல்லாத கடைக்காரனாலும் தேதியைக் காப்பாற்ற முடியாது. பணத்துக்கு ஆசைப்பட வேண்டியதுதான். வீடு சொன்ன நாளில் பணத்தோடும் ஆளாகவும் போய் நிற்க முடிகிறவரை நான் பணக்காரர் என்பேன். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இன்னும் சம்பாதிக்க வேண்டும், அல்லது கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். மெட்ரோ வந்த பிறகு, ஹொங்கசந்திராவில் இரண்டாவது கடை போடு என்று நண்பர் ஒருவர் நச்சரிக்கிறார். வாடகை, அட்வான்ஸ் எல்லாம் விசாரித்துவிட்டார். ராத்திரி அந்தக் கடையை யார் பூட்டுவது என்று மட்டும் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.