மட்டாஞ்சேரி உப்புக் காற்றும் மாமனாரின் ஜீப்பும்

மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல். இரண்டுக்கும் இடையே அமைந்த தாழ்ந்த நிலத்தில் கொச்சிக் கோட்டையும் மட்டாஞ்சேரியும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இங்கு வந்து குடியேறும் நம்மவர்கள் முதலில் கற்றுக்கொள்வது மலையாளம் அன்று. ஈரத்தோடு வாழும் வகையைத்தான். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட வேண்டும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அப்பளம் காயாது. மிளகு மண்டிக்காரர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள்: மூட்டையைத் தரையில் வைக்கமாட்டார்கள், பலகை மேல்தான் அடுக்குவார்கள், சுவரோடு ஒட்டவும் விடமாட்டார்கள். ஈரம் ஏறிய மிளகில் பூசணம் பிடிக்கும், விலையும் விழும்.

மிளகுக்கு நேரும் கேடு மோட்டார் வண்டிக்கும் நேரும் என்பதை 2025 ஆவணியில் நேரில் கண்டோம்.

எங்கள் மாமனார் கம்பத்துக்காரர். மலைக்கு மேலே வண்டன்மேட்டின் பக்கம் அவருக்குச் சிறிய ஏலத்தோட்டம் உண்டு. விடியுமுன் கம்பத்தில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு ஏற்றத்தில் ஏறிச் சென்று, மாலையில் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவருடைய பழைய மகிந்திரா ஜீப். பேரனுடைய காதணி விழாவுக்கு அந்த ஜீப்பிலேயே வந்தார். விழா முடிந்தும் மழை விடவில்லை. ஜீப் காயலோரச் சந்தில், ஒரு பழைய கிடங்கின் சுவரை ஒட்டி ஒன்பது நாள் நின்றது. பத்தாம் நாள் காலையில் முடுக்கியபோது இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் வண்டி முழுதும் குளிர்க்காய்ச்சல் கண்டவனைப் போல் உதறியது. வேகம் கொடுத்தால் கார்புரேட்டர் வழியாகப் 'படக்' என்று ஒரு தும்மல். மீண்டும் உதறல்.

இந்த ஜீப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியார் 1953-இல் வெளியிட்ட சி.ஜே. 3பி என்னும் மாதிரி இது. அங்கே 1968-இல் அதை நிறுத்திவிட்டார்கள். மகிந்திரா கம்பெனியாரோ அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் இந்தியாவில் செய்துவந்தார்கள். ஏனைய ஜீப்புகளைவிட இதன் மூக்கு உயர்ந்திருக்கும். போர்க்காலத்து ஜீப்பின் இன்ஜினில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில் இருந்தன. இதில் உள்ளிழுக்கும் வால்வுகளைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். இன்ஜின் உயரவே, மூடியையும் உயர்த்த வேண்டியதாயிற்று. நான்கு சிலிண்டர், 2,199 கன சென்டிமீட்டர். சாமானிய மனிதன் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரம். இக்காலத்துக் கார்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அருகிலிருந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். மூடியைத் திறந்தார்கள், தும்மலைக் கேட்டார்கள், "கார்புரேட்டர் போய்விட்டது" என்றார்கள். அடுத்த மூச்சிலேயே, "இந்தப் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் போடுங்கள், இல்லையேல் பழைய இரும்புக்குக் கொடுங்கள்" என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகை மாமனாரின் ஒரு பருவ வருமானத்தை விழுங்கக்கூடியது. இன்ஜினை மாற்றுவதென்றால் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவுப் புத்தகத்திலும் திருத்த வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியாதலால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் செலவு வேறு மார்கழியில் காத்திருந்தது. ஏலக்காய் எடுக்கும் காலம். ஒருநாள் ஆள் ஏறாவிட்டால் பழுத்த காய் செடியிலேயே வெடித்துப்போகும். மாமனார் இரவு சாப்பிடும்போது, "மாப்பிள்ளை, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் அடுத்த வீட்டுக்காரர் ஒரு முதிய மெக்கானிக்கை அழைத்துவந்தார். அவரை எல்லோரும் ஆசான் என்றே அழைக்கிறார்கள். வந்தவர் வண்டியைத் தொடவில்லை. கேள்வி கேட்டார். எத்தனை நாள் நின்றது? எங்கே நின்றது? காலையில் அதிகமா, மதியத்திலும் இப்படியா? நின்ற நிலையில் உதறுகிறதா, ஓடும்போதும் உதறுகிறதா? காலையில் மிகுதி, வெயில் பட்டபின் சற்றுக் குறைவு என்றோம். "ஊம்" என்றார். மாமனார் எங்கள் காதருகே வந்து, "மாப்பிள்ளை, இவர் வைத்தியரா, வக்கீலா?" என்று கேட்டார்.

இரயில்வேயில் இருக்கும் எங்களுக்கு ஆசானின் முறை விளங்கிற்று. வண்டி நிற்கும்போது சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்கும் பழைய வழக்கத்தை மூத்த ஊழியர்கள் இன்றும் சொல்வார்கள். கேட்காமல் கழற்றுவது அங்கே இல்லை.

பிறகு புகைக்குழாயின் வாயில் ஒரு துண்டுத் தினசரியைப் பிடித்தார். காகிதம் வெளியே மட்டும் தள்ளப்பட்டது. ஒருமுறையேனும் உள்ளே இழுக்கப்படவில்லை. புகை வால்வு கருகியிருந்தால் இழுக்கும் என்றார். அடுத்து நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியை வைத்துச் சுழற்றிப் பார்த்தார். 115, 110, 115, 110 பவுண்டு. சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்துப் பவுண்டுக்கு மேல் வித்தியாசம் இராவிட்டால் வால்வும் பிஸ்டன் வளையமும் அச்சத்துக்கு இடமில்லாத நிலையில் இருக்கின்றன என்று பொருள். "இந்த இன்ஜினுக்கு உயிர் இருக்கிறது" என்றார் ஆசான். எங்கள் கருத்தில் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இன்ஜினை மாற்றச் சொல்பவனிடம் வண்டியை ஒரு நிமிடம்கூட விட்டுவைக்கக் கூடாது. அரை மணி வேலைதான் அது.

பிளக்குகளை மீண்டும் மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, மரப்பிடி போட்ட திருப்புளியால் பிளக் ஒன்றொன்றாக மின்சாரத்தை உடம்பிரும்புக்குத் திருப்பினார். வேலை செய்கிற சிலிண்டரை இப்படி நிறுத்தினால் உதறல் கூடும். ஒன்றிலும் இரண்டிலும் கூடிற்று. நான்கில் கொஞ்சம் கூடிற்று. மூன்றில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்று சும்மா இருக்கிறது என்பது தெரிந்தது. ஏன் சும்மா இருக்கிறது? பிளக்கை மாற்றிப் பார்த்தும் அப்படியே. ஆசான் கையைத் துடைத்துக்கொண்டார். "இருட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது மணி மூன்று. மாமனாரை வீட்டில் உட்கார வைத்தால் மனம் இன்னும் சோரும் என்று ஊர் காட்ட அழைத்துப்போனோம். 1555-இல் போர்த்துகேயர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்த அரண்மனையைப் பார்த்தார். 1663-இல் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் அதற்கு டச்சு அரண்மனை என்று பெயர் வந்துவிட்டது. கட்டியவனைவிடப் பழுதுபார்த்தவனுக்குப் பெயர் என்பது அன்று மாமனாருக்கு மிகவும் பிடித்திருந்தது. சுவரில் இராமாயணச் சித்திரங்களின் முன் வெகுநேரம் நின்றார். யூதத் தெருவில் 1568-இல் எழுந்த தேவாலயத்தில் தரை முழுதும் சீனத்து நீலச் சித்திர ஓடுகள். கையால் தீட்டப்பட்டவை, ஒன்று போல் ஒன்று இல்லை என்பார்கள். 1957-இல் தொடங்கிய மிளகு வணிகர் சங்கத்துக்கு உரிய தெருவும் அதுவே. பல கிடங்குகள் இன்று பழம்பொருள் கடைகளாகிவிட்டன. மிஞ்சியிருக்கும் ஒரு மண்டியின் வாயிலில் நின்று மாமனார் ஏலக்காயை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தார். "நம்ம பக்கத்துக் காய்தான்" என்றார். ஊரில் அவர் முகம் மலர்ந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

கொச்சிக் கோட்டை வேளியில் நம் தமிழ் வண்ணார் குடும்பங்கள் துவைக்கும் துறையையும் காட்டினோம். மழை விட்ட சிறு இடைவெளியில் கயிறெல்லாம் வெள்ளைத் துணி ஏறியிருந்தது. அங்குள்ளவர் ஒருவர் மாமனாரிடம், "இந்தக் காத்துல துணி காயும் அண்ணாச்சி, ஆனா உப்பு விட்டுட்டுப் போகும்" என்றார். சாதாரணமாகச் சொன்ன சொல்.

ஏழு மணிக்கு ஆசான் வந்தார். சந்தில் விளக்கை அணைக்கச் சொன்னார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின்மேல் தண்ணீரைச் சிறிது தெளித்துவிட்டு இன்ஜினை முடுக்கினார். இருட்டில் மூடியின்மேல் நீல நிறத்தில் நூல் போன்ற ஒளி ஓடி ஓடி மறைந்தது. குழந்தைகள் கைகொட்டின. மாமனார் குனிந்து பார்த்து, "அடே!" என்றார்.

நடந்தது இதுதான். காயல் காற்றின் உப்பும் ஈரமும் மூடியில் படிந்து, மூன்றாம் முனைக்கும் நான்காம் முனைக்கும் இடையே மின்சாரம் தாவித் தாவி, மயிரிழை போன்ற கரிக்கோடு ஒன்றைப் போட்டுவிட்டது. இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஆகவே மூடியில் மூன்றும் நான்கும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். மூன்றுக்குப் போக வேண்டிய பொறி நான்குக்குப் போய்விடுகிறது. அந்த நேரத்தில் நான்காம் சிலிண்டரில் அழுத்தம் இன்னும் ஏறவில்லை, உள்ளிழுக்கும் வால்வும் முழுதும் மூடவில்லை. அழுத்தம் குறைந்த இடத்தில் பொறி எளிதில் பாயும். பாய்ந்ததும் கலவை காலத்துக்கு முன் பற்றி, திறந்திருக்கும் வால்வு வழியாகத் திரும்பிக் கார்புரேட்டரில் தும்முகிறது. முதல் பட்டறையார் கேட்ட தும்மல் உண்மைதான். தும்மியது கார்புரேட்டர் அன்று.

மறுநாள் தோப்பும்படி வழியே எர்ணாகுளம் சென்று மூடி, ரோட்டார், பிளக் ஒயர்கள் வாங்கிவந்தோம். ஆசான் பாயிண்ட் இடைவெளியை 0.020 அங்குலமும், பிளக் இடைவெளியை 0.030 அங்குலமும் வைத்தார். தும்மல் போயிற்று. ஆனால் நின்ற நிலையில் மெல்லிய நடுக்கம் மிஞ்சியது. கார்புரேட்டரின் அடிவிளிம்பைச் சுற்றி எண்ணெய்க் குப்பியால் சிறிது சொட்டவிட்டார். ஓரிடத்தில் எண்ணெய் பட்டதும் இன்ஜின் சட்டென்று சீராயிற்று. அங்கேதான் கேஸ்கெட் இற்றுக் காற்று புகுந்துகொண்டிருந்தது. அதிகமாகக் காற்று புகுந்தால் மெதுவோட்டத்தில் மட்டும் நடுங்கும், வேகத்தில் தெரியாது.

பெட்ரோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தையும் கழற்றினார். அடியில் துருத்தூளும் ஒரு சிறு நீர்முத்தும் இருந்தன. இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் நீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து இறங்கும். பழைய ரப்பர்க் குழாய்களுக்கும் அது ஆகாது. நெடுநாள் நிற்கும் வண்டியில் தொட்டி காலியாக இருந்தால் ஈரக்காற்று உள்ளே நிறையும். நிறைத்து வைப்பதே மேல். பழைய ரப்பர்க் குழாயையும் மாற்றிவிட்டார்.

சாமான், கூலி எல்லாம் சேர்த்து முதல் பட்டறையார் சொன்ன தொகையில் இருபதில் ஒரு பங்கு ஆகவில்லை. ஆசான் அதிலும் தம் கூலியைக் குறைத்துக்கொண்டார். மாமனார் பிடிவாதமாகக் கால் கிலோ ஏலக்காயை அவர் பையில் திணித்தார். வாரம் ஒருமுறை மூடியைக் காய்ந்த துணியால் துடைக்கும்படியும், கிண்ணத்தை மாதம் ஒருமுறை பார்க்கும்படியும் ஆசான் சொன்னதை மாமனார் நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கோட்டயம் வழியாகப் புறப்பட்டார். பழைய மூடியை எறிய மனமில்லாமல் தாளில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார். முண்டக்கயத்துக்கு மேல் ஏற்றம் தொடங்கும். வண்டி உதறினால் அங்கே தெரிந்துவிடும். எட்டரை மணிக்குக் குட்டிக்கானத்திலிருந்து தொலைபேசியில் பேசினார். மலை முழுதும் மூடுபனி, எதிரே வண்டி தெரியவில்லை, தேநீர் குடிக்க நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். ஜீப் எப்படி என்று கேட்டோம். "அது பாட்டுக்கு ஓடுது" என்றார். மறுநாள் விடியுமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு ஏறிவிட்டாராம்.