வண்டியின் ஓய்வும் மின்கலத்தின் பசியும்

ஓடாத இயந்திரம் தேயாது என்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கையாகும். துணியால் மூடி மூலையில் வைத்த தையல் இயந்திரத்தைப் பொறுத்தவரை இஃது ஓரளவு உண்மையே. ஆனால், பெற்றோலாலும் மின்னாலும் ஒருங்கே இயங்கும் ‘ஹைபிரிட்’ மோட்டார் வண்டிக்கு இந்நம்பிக்கை சிறிதும் பொருந்தாது. ஓட்டத்தினும் ஓய்வே அதனை வருத்துவது. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தின்போது, நமுனுகுலை மலைச்சாரலில் உள்ள தோட்டமொன்றிலே இவ்வுண்மையை நான் அறிய நேர்ந்தது.

ஜப்பானில் ஓடித் தேர்ந்த ஹைபிரிட் வண்டிகள் நம் நாட்டிற்குப் பெருந்தொகையாக வந்திறங்கிய காலமொன்று இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன்னரே என் சித்தப்பா ஒரு டொயோட்டா அக்குவாவைத் தவணைமுறையில் வாங்கியிருந்தார். கொழும்பிற் பல்லாண்டு சாரதியாக உழைத்துச் சேர்த்த பணம் முன்பணமாயிற்று. எங்கள் லயத்திற்கு வந்த முதல் மோட்டார் வண்டி அதுவே. வாடகைக்கு ஓடியது பாதி. நோயாளரைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றது பாதி. தோட்டத்து லொறிக்காகக் காத்திருந்து உயிரிழந்தோரைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவ்வண்டி எத்தகைய ஆறுதலாயிருந்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

2022 ஜூன் 27ஆந் திகதி நள்ளிரவு முதல் ஜூலை 10ஆந் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. அதற்கு முந்திய நாள்தான் 92 ஒக்ரேன் பெற்றோலின் விலை லீற்றருக்கு 470 ரூபாவாக உயர்ந்திருந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவென 2021இலே நிர்ணயிக்கப்பட்டதை நினைவிற்கொண்டால், ஒரு லீற்றர் பெற்றோல் ஏறக்குறைய அரைநாள் உழைப்பிற்குச் சமம் என்பது விளங்கும். அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை என்பதே பெருந்துயரம். சித்தப்பாவின் வண்டித் தாங்கியில் அன்று எஞ்சியிருந்தது ஆறு லீற்றர். பதுளைக்குப் போய்வர நாற்பது கிலோமீற்றர். மலைப்பாதையில் அதற்கு இரண்டரை லீற்றர் செல்லும். ஆகவே, அந்த ஆறு லீற்றரும் இரண்டு நோயாளரின் பயணம் எனலாம். அதற்குமேல் எஞ்சக்கூடியது ஒரு லீற்றர் மட்டுமே.

இந்நிலையிலேதான் பற்றரி பற்றிய கவலை எழுந்தது. “ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் பண்ணிப் போடணும், இல்லாட்டி பற்றரி செத்துப்போகும்” என்றார் ஒரு சாரதி. வாரம் ஒரு மணிநேரம் போதும் என்றார் மற்றொருவர். தொடவே வேண்டாம் என்றார் வேறொருவர். பற்றரி பழுதானால் மாற்றுவதற்கு இலட்சக்கணக்கான ரூபா வேண்டும். வண்டி உறங்கினும் தவணை உறங்குவதில்லை. அவர்கள் சொற்படி நாள்தோறும் இயந்திரத்தை ஓடவிட்டாலோ, நோயாளருக்கென இருந்த பெற்றோல் நின்ற இடத்திலேயே எரிந்து தீரும். பற்றரியைக் காப்பதா, பயணத்தைக் காப்பதா என்பதே கேள்வியாயிற்று.

வண்டியோடு வந்த கைந்நூல் ஜப்பானிய மொழியில் இருந்தது. அதன் படங்களைத் தவிர வேறெதையும் சித்தப்பா கண்டதில்லை. பல்கலைக்கழகத்திற்குச் செல்ல வழியின்றித் தோட்டத்திலே தங்கியிருந்த நான், அவ்வகை வண்டிகளுக்குரிய ஆங்கிலக் கைந்நூலைத் தேடியெடுத்து, வேண்டிய பகுதியைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஒரு தாளுக்குள் அடங்கிய செய்திதான் அது. அதன் சாரம் பின்வருமாறு.

இவ்வண்டியில் இருப்பன இரண்டு மின்கலவடுக்குகள். சிறியது 12 உவோற்று கொண்ட ஈய-அமில வகை. பின்னிருக்கையின் அடியிலுள்ள பெரியது 144 உவோற்று கொண்ட நிக்கல் உலோக ஐதரைட்டு வகை. வண்டி நிற்கும்போதும் திறப்பின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் கருவிகள் சிறிய பற்றரியிலிருந்து சிறுகச் சிறுக மின்னை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆதலின் சில வாரங்களிலேயே அது வற்றிவிடக்கூடும். வற்றிய நிலையிற் கிடந்தால் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகி, அது மீளா நிலையை அடையும். இதற்குப் பரிகாரம் எளிது: எதிர்முனையின் கம்பியைக் கழற்றிவிட்டால் போதும். அதன்பின் கதவைத் திறக்கத் திறப்பினுள் மறைந்திருக்கும் உலோகச் சாவியே உதவும்.

பெரிய பற்றரியின் இயல்பு வேறு. கம்பியைக் கழற்றினாலும் அது தன்னுள்ளே தானாக மெல்ல மின்னிறங்கும். வீட்டு மின்னால் அதனை ஏற்றவும் இயலாது. இயந்திரத்தை முதலிற் சுழற்றி எழுப்புவதும் இப்பெரிய பற்றரியே ஆதலால், அது முற்றாக வற்றிவிட்டால், சிறிய பற்றரி நிறைந்திருந்தும் பயனில்லை. ஆயினும் அது வற்றுவது நாட்கணக்கிலன்று, மாதக்கணக்கிலேயே. சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் அரைமணி நேரம், அல்லது 16 கிலோமீற்றர் ஓட்டுக என்பதே கைந்நூலின் விதி. நிறுத்தி வைத்து மின்னேற்றுவதாயின் நெம்பு ‘பீ’யில் இருத்தல் வேண்டும், ‘என்’னில் இருந்தால் இயந்திரம் ஓடினும் மின் ஏறாது. செம்மஞ்சள் நிற வடங்களை எவரும் தொடலாகாது.

தாளை இருமுறை படித்த சித்தப்பா கணக்கைத் தீர்த்துவிட்டார். பதுளைப் பயணம் ஒன்றே கைந்நூல் விதித்த தூரத்தைக் கடந்துவிடும். அன்றியும் மலையிறங்கும்போது தடுப்பை மிதிக்குந்தோறும் சக்கரங்களே மின்னாக்கியைச் சுழற்றிப் பெரிய பற்றரியை நிரப்புகின்றன. எனவே, நோயாளரின் பயணமே பற்றரிக்கு உணவாகும். வெறும் இருப்பில் ஒரு சொட்டுப் பெற்றோலும் எரிக்கவேண்டியதில்லை. சித்திக்கு இது உடனே விளங்கிற்று. “கொழுந்து எடுக்காம விட்ட மலை மாதிரிதான் இதுவும். ரவுண்டு தப்பாமப் போனாப் போதும்; தெனமும் போய் நின்னா கொழுந்தா வரப்போவுது?” என்றார்.

ஊவாவில் அப்போது கச்சான் காற்றுக் காலம். ஈரமின்றி வண்டி கொட்டகையில் நின்றது. கம்பி கழற்றப்பட்டிருந்தது. நாட்காட்டியில், கணக்கப்பிள்ளை பேர் போடுவதுபோல், ஓடிய நாளை மட்டும் சித்தப்பா குறித்து வந்தார். ஜூலை முதல் வாரத்தில் மூச்சுத்திணறலுற்ற முதியவர் ஒருவருக்காக ஒரு குறி. ஜூலை நடுப்பகுதியில் நள்ளிரவிற் பிரசவ வலி கண்ட பெண்ணொருத்திக்காக மற்றொன்று. அவ்விரவு கம்பியைப் பூட்டி, வண்டியை எழுப்பிப் புறப்படச் சில நிமிடங்களே சென்றன. தாயும் சேயும் நலமாகத் திரும்பினர். ஆகஸ்டில் கியூஆர் அட்டை முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்து, மோட்டார் வண்டிக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தபோது, தாங்கியில் ஏறக்குறைய ஒரு லீற்றர் எஞ்சியிருந்தது. பெரிய பற்றரிக்கும் ஊறு எதுவும் நேரவில்லை.

இதிற் புதுமையான விஞ்ஞானம் எதுவுமில்லை. வண்டியை ஆக்கியோர் என்றோ எழுதிவைத்த செய்திதான். ஆயினும் அதனை வாங்கி ஓட்டி, தவணை கட்டி, அதனால் அயலவர்க்கு உதவும் மனிதரின் மொழியில் அது இருக்கவில்லை. மொழி இல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது. சாரதிகள் கூறியவாறு செய்திருப்பின், அந்தப் பிரசவப் பயணத்திற்குரிய பெற்றோல் கொட்டகையிலேயே புகையாகியிருக்கும்.

தமிழிற் கலைச்சொல் வேண்டுமென்று நாம் மண்டபங்களிற் பேசுகின்றோம்; அகராதிகளும் தொகுக்கின்றோம். அவை வேண்டுவனவே. ஆயினும் மின்னேற்றம் என்பதா, சார்ஜ் என்பதா என்று தாளை எழுதும்போது நான் தயங்கியதுண்டு. ஈற்றில் இரண்டையும் எழுதினேன். சித்தப்பா இரண்டையும் ஏற்றுக்கொண்டார். பாஸ்கரன்களும் பசறைகளும் ஒருபுறமிருக்க, பதுளை வீதியில் ஓடும் ஒவ்வொரு வண்டியிலும் அத்தகைய தாளொன்று இருக்குமாயின், அதனை எழுதும் பணி இச்சங்கத்தின் மாணவர்க்கு எட்டாததன்று. பொறியியல் பயில்வோர் பொருளைத் தரட்டும். தமிழ் பயில்வோர் நடையைத் தரட்டும். சாரதியொருவர் படித்துப் பார்த்துத் திருத்தட்டும்.