ஒற்றும் ஒற்றனும்

ஒருவரை நெருங்கிப் பின்தொடர்வதற்கு இங்கிலீஷ் பாஷையில் எத்தனை பிரயோகங்கள்! மோப்பம் பிடித்து விடாது ஓடும் வேட்டை நாயைக் கண்டவர்கள், 'டாக்' என்னும் அதன் பெயரையே வினைச்சொல்லாக்கி விட்டார்கள். நிழலையும் அவ்வாறே வினையாக்கித் துப்பறிவோருக்கு அளித்தார்கள். சீட்டாட்டத்தில் முன்னவர் இறக்கிய இனத்திலேயே தாமும் இறக்குவது 'பாலோ சூட்'. பிறர் செய்வதைப் பார்த்துத் தாமும் செய்வதற்கெல்லாம் பிற்பாடு அதுவே பெயராயிற்று.

திருவொற்றியூரில் பாடம் சொல்லும் நாம் இவற்றை விளக்கும்போது, "அவன் அடிகளை நாயாக்கினான்" என்று மொழிபெயர்க்கும் மாணாக்கன் ஒருவனாவது வகுப்பில் இருப்பான். சிரிப்பு அடங்கியதும், "தமிழில் இதற்குச் சொல் இல்லையா?" என்று கேட்போம்.

ஏன் இல்லை? 'ஒற்று' என்ற ஒரு சொல் போதுமே! ஒருவர் பதித்த சுவட்டின்மேல் நம் அடி படிய நடப்பது அடியொற்றி நடத்தல். மறைந்து நின்று வேவு பார்ப்பவன் ஒற்றன். திருக்குறளில் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. நெருக்கம் ஒன்றுதான்; நெஞ்சுதான் வேறு. 1908-இல் புதுச்சேரி சென்ற பாரதியாரைப் பிரிட்டிஷ் ஒற்றர்கள் விடாமல் கண்காணித்தார்கள். அதே ஊரில் அவரை அடியொற்றிக் கவி பாடப் புகுந்தார் கனகசுப்புரத்தினம் என்னும் இளைஞர். ஒற்றர்களின் பெயரை இன்று யார் அறிவார்? பாரதிதாசனை அறியாத தமிழர் உண்டோ?

இன்னும் ஒரு பிரயோகம் பாக்கி. வண்டியின் பின்பலகைக்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'டெயில்கேட்'. முன்வண்டியை முட்டுவதுபோல் நெருங்கி ஓட்டுவதற்கும் அதுவே பெயர். இதற்கு உதாரணம் தேட அகராதி வேண்டாம்; துறைமுகம் நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் செல்லும் எண்ணூர் விரைவுச் சாலையில் சற்று நின்றால் போதும். அந்த லாரிகளுக்கிடையேதான் நம் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறார்கள். சிலர் லாரியின் பின்பலகையைப் பற்றிக்கொண்டே வருவதைக் கண்டு நம் நெஞ்சு பதறியதுண்டு.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் ஓடிவிடும். முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் 2 விநாடி இடைவெளியாவது வேண்டும் என்பார்கள். அதாவது 22 மீட்டர். மழை நாளில் அதுவும் போதாது. இலக்கணப் பாடத்தின் முடிவில் இந்தக் கணக்கையும் நாம் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம்.

பெரியோரை எவ்வளவு நெருங்கி ஒற்றினாலும் நன்மையே. லாரியை மட்டும் ஒற்ற வேண்டாம். பெற்றோரும் இதை வீட்டில் ஒருமுறை சொல்லி அனுப்பினால் நலம்.