சிலையும் சாட்டையும்

ஐரோப்பா சென்று வந்தோர் எழுதும் பயணக் கட்டுரைகளிலே கோபுரம் உண்டு, கோட்டை உண்டு, கொட்டும் பனி உண்டு. அந்தக் கோபுர நிழலிலே கொளுத்தப்பட்டவர் யார் என்ற குறிப்பு மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. இளவேனிற் காலத்தில், ஈஸ்டர் வாரத்தில், பழம்பெரும் நகரங்கள் இரண்டைக் குடும்பத்தோடு காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. கண்டவை பல. எனினும் ஒரு சிலையைப் பற்றியும் ஒரு சாட்டையைப் பற்றியுமே இங்கு எழுத விழைகிறோம்.

ஜெர்மனியின் தென்கோடியில், ஏரிக்கரையில் அமைந்த நகர் கான்ஸ்டன்ஸ். 1414 முதல் 1418 வரை குருமார்களும் கோமான்களும் அங்கே கூடி மாமன்றம் நடத்தினர். அம்மன்றத்தின் முன் நிற்குமாறு அழைக்கப்பட்டார் பிராக் நகரத்துப் பேராசான் யான் ஹூஸ். அவர் உயிருக்கு ஊறு நேராது என மன்னன் சிகிஸ்மண்ட் உறுதிச் சீட்டு அளித்திருந்தான். சீட்டை நம்பி வந்தவரைச் சிறையிலே தள்ளினர். 'கொள்கையைக் கைவிடு' என்றனர், மறுத்தார். 1415ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், பேராலயத்திலே தீர்ப்புக் கூறி, நகருக்கு வெளியே கொண்டு சென்று உயிரோடு கொளுத்தினர். சாம்பலையும் விட்டுவைத்தார்களில்லை, அதனை ரைன் ஆற்றிலே கொட்டினர். 1862இல் வைக்கப்பட்ட பெரும்பாறை ஒன்று இன்று அந்நிகழ்ச்சிக்குச் சான்றாக நிற்கிறது.

அந்தப் பாறையருகே நின்று வரலாற்றை விளக்கியபோது எங்கள் அன்னையார் கேட்டார்: "சாமி கும்பிட்டவரையா கொளுத்தினார்கள்?"

ஆம், ஹூஸ் நாத்திகரல்லர், பாதிரியார். ஆனால், மக்கள் மொழியாம் செக் மொழியிலே பெத்லகேம் ஆலயத்தில் அவர் பேசினார்; ஆயிரக்கணக்கானோர் கேட்டனர். பாவ மன்னிப்புச் சீட்டு விற்பனையை 1412இல் எதிர்த்தார். செக் மொழியின் எழுத்துச் சீர்திருத்த நூலொன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. எழுத்துச் சீர்திருத்தம் என்றதும் நம் நினைவு எங்கே செல்லும் என்று சொல்லவும் வேண்டுமோ! குருமார் மட்டுமே பருகிய திருக்கிண்ணத்து மது எல்லோருக்கும் உரியது என அவர் வழிவந்தோர் கிளர்ந்தெழுந்தனர். கிண்ணமே அவர்தம் கொடியின் சின்னமாயிற்று. ஆதிக்கம் அஞ்சுவது, ஆண்டவன் இல்லை என்பவனை மட்டுமன்று. ஆண்டவன் முன் அனைவரும் சமம் என்பவனையுந்தான்! அந்தக் கொடிய சாவுக்காகப் போப் இரண்டாம் ஜான்பால் வருத்தம் தெரிவித்தது 1999இல். இடையிலே ஓடிய ஆண்டுகள் 584!

அங்கிருந்து பிராக் நகரம் சென்றோம். பழைய நகரச் சதுக்கத்தின் நடுவே, 1915இல் நிறுவப்பட்ட ஹூஸின் சிலை ஓங்கி நிற்கிறது. சுற்றிலும் ஈஸ்டர் சந்தை: வண்ணக் கோலமிட்ட முட்டைகள், பூத்த கிளைகள், இளவேனிலின் எழில். இத்தனைக்கும், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே செக் நாட்டினருள் ஏறத்தாழப் பாதிப் பேர் தமக்குச் சமய நம்பிக்கை இல்லை என்று பதிந்தவர்கள்! எம் உள்ளம் துள்ளியது.

துள்ளிய உள்ளத்தைத் தடுத்து நிறுத்தியது, கடையொன்றில் தொங்கிய சாட்டை. வில்லோ மரத்தின் இளங்கொம்புகளைப் பின்னிச் செய்து, நுனியிலே வண்ண நாடா கட்டியது; பெயர் பொம்லாஸ்கா. ஈஸ்டர் திங்களன்று ஆண்கள் வீடு வீடாகச் சென்று, பெண்களை அதனால் மெல்ல அடிப்பர். அடிபட்டால் ஆண்டு முழுதும் இளமையும் நலமும் கிட்டுமாம்! அடிபட்டவள் அடித்தவனுக்கு முட்டை பரிசளிக்க வேண்டும். சில ஊர்களில், பெண்களும் பின்னர் ஆண்கள்மீது தண்ணீர் ஊற்றலாம் என்ற சலுகை உண்டு.

சாட்டை வேண்டும் என்றான் தமக்கையின் மகன். "விளையாட்டுப் பொருள்தானே, வாங்கிக் கொடுங்கள்" என்றார் அன்னையார். அவன் தங்கை, ஒன்பது வயதுச் சிறுமி, கேட்டாள்: "அவன் அடித்தால் நான் ஏன் முட்டை கொடுக்க வேண்டும்?"

கடைவீதியிலே எங்களுள் எவரிடமும் அதற்கு விடையில்லை. முட்டைகள் வாங்கினோம், சாட்டை வாங்கவில்லை. சிறுவனின் முகம் இரண்டு நாள் வாடியிருந்தது உண்மை.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! கடவுள் வெளியேறிய வீட்டிலேயும் சாட்டை தொங்குகிறது. அந்த அடி வலிக்காமல் இருக்கலாம். வெறும் வேடிக்கை என்றே அங்குள்ள பெண்கள் பலர் கருதவும் கூடும். ஆயினும் அடிப்பவன் யார், அடிபடுபவள் யார் என்ற பங்கீடு ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடமாகிறது. 'இல்லை' என்று சொல்லிவிட்டாலே பகுத்தறிவு நிறைவுற்றுவிடுமா? மேடையிலே கடவுள் மறுப்பு முழங்கிவிட்டு, வீட்டிலே மனைவி உண்ணுமுன் தான் உண்டு, இலையை அவள் எடுக்கட்டும் என்று எழும் தோழர் நம்மிடையே இல்லையா?

விழா வேண்டாம் என்பதன்று எம் வாதம். துளிர்க்கும் மரத்தைக் கண்டு மகிழ்வதும், முட்டைக்கு வண்ணம் தீட்டுவதும் எவரையும் தாழ்த்துவன அல்ல; அவை வாழட்டும். ஆனால் எந்த வழக்கத்தையும், எத்துணைச் சிறியதாயினும், 'யாருக்கு உயர்வு, யாருக்குத் தாழ்வு?' என்ற ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். தேறாதது வேடிக்கையேயாயினும் விலக்குவோம்.

ஹூஸைக் கொளுத்தியவர்களைக் கண்டிப்பது எளிது. அவர்கள் மாண்டு அறுநூறு ஆண்டுகளாகின்றன. நம் வீட்டுச் சுவரிலே தொங்கும் சாட்டையைக் கழற்றுவதுதான் கடினம். அந்தப் பணியை இன்றே தொடங்குவோம்!