முகவரி பெறாத பெட்டி

பெயர் சூட்டப்படாத குழந்தையைத் தொலைவிலிருந்து கூப்பிட வழியில்லை. அருகில் சென்று தொட்டுத்தான் எழுப்ப வேண்டும். தொழிற்சாலையிலிருந்து அட்டைப் பெட்டிக்குள் வந்திறங்கும் தொலைத்தொடர்புக் கருவியின் நிலையும் அதுவே. உலகத்தோடெல்லாம் பேசுவதற்காகவே செய்யப்பட்ட பொருள், தனக்கென ஒரு முகவரி இல்லாத காரணத்தால் எவரோடும் பேசவியலாமல் ஊமையாய்க் கிடக்கிறது.

ஜொகூர் மாநிலத்தில் இத்தகைய ஊமைப் பெட்டிகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முகவரி எழுதி வந்தவர் ஒருவர் உண்டு. குளுவாங் வட்டாரத்து இரப்பர்த் தோட்டமொன்றில் பால் மரம் சீவிய பெற்றோரின் மகன். அவருடைய தோள்பையில் எந்நாளும் இருப்பது இளநீல நிறத்துத் தட்டைக் கம்பியொன்று. அதன் ஒரு முனை கருவியின் ‘கன்சோல்’ என்னும் வாயில் பொருந்தும்; மறுமுனை கணினியில் சேரும். வலையமைப்பு ஏதும் இல்லாமல், முகவரி ஏதும் கேட்காமல், ஒருவர் காதில் ஒருவர் பேசுவது போன்ற தொடர்பு அது. இதற்கு அடிப்படையான ஆர்.எஸ். 232 என்னும் விதி 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. தட்டச்சுப் பொறிகள் தந்தியில் பேசிய காலத்து மரபு அது. எதிரே இருப்பது இன்றும் அப்படியொரு பொறிதான் என்று எண்ணிக்கொண்டே புத்தம்புதுக் கருவியும் வரி வரியாய்ப் பேசத் தொடங்குகிறது.

பேசும் வேகத்தில் இருவரும் ஒத்திருக்க வேண்டும். பல கருவிகளில் வழக்கமான வேகம் விநாடிக்கு 9600 துடிப்பு. எழுத்தொன்றுக்கு எட்டுத் துடிப்பு, தொடக்கத்தை அறிவிக்க ஒன்று, முடிவை அறிவிக்க ஒன்று, ஆகப் பத்து. விநாடிக்கு 960 எழுத்து என்பது கணக்கு. கணினியில் வேறு வேகத்தைக் குறித்துவிட்டால் திரையில் பித்தன் பிதற்றலைப் போல் பொருளற்ற குறிகள் கொட்டும். அதைக் கண்டு கருவி பழுதென்று திருப்பியனுப்பியவர்களும் உண்டு. பழுது பேசியவனிடம் இல்லை, கேட்டவன் காதில்!

வேகம் பொருந்தியபின் கருவி ஒன்றொன்றாய்க் கேட்கும்: உன் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன, முகவரி என்ன? 1981-இல் வகுக்கப்பட்ட முறைப்படி முகவரி என்பது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள். ஒவ்வொன்றும் சுழியம் முதல் 255 வரை. மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள். அன்று அது வற்றாத கடலாகத் தோன்றியது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் வழங்கப்பட்டுவிட்டன.

இருந்தும் உலகம் நின்றுவிடவில்லையே, எப்படி? இதனைப் பயிற்சிக்கு வருவோருக்கு விளக்க அவர் பாடநூலைத் திறப்பதில்லை. தாம் பிறந்த தோட்டத்தைத் திறப்பார். அங்கே அவருடைய வீடு லயத்து 14ஆம் எண். அடுத்த தோட்டத்திலும் ஒரு 14 இருந்தது. அதற்கடுத்த தோட்டத்திலும் இருந்தது. அதனால் எந்தக் குழப்பமும் நேர்ந்ததில்லை. வெளியுலகத்துக்குத் தெரிந்தது தோட்டத்து அலுவலகத்தின் முகவரி ஒன்றுதான். தஞ்சைச் சீமையிலிருந்து வந்த கடிதங்கள் யாவும் கிராணியாரின் மேசைக்கே வந்து சேரும். யாருக்கு எந்தக் கடிதம் என்பது அவர் ஏட்டுக்குத் தெரியும். 1996-இல் வலையமைப்புக்கும் இதே ஏற்பாடு முறைப்படுத்தப்பட்டது. 10 என்றும், 192.168 என்றும் தொடங்கும் முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரையிலான முகவரிகளும் உள்வீட்டுப் புழக்கத்துக்கென ஒதுக்கப்பட்டன. எவரும் எங்கும் அவற்றை வைத்துக்கொள்ளலாம். வெளியே செல்லும்போது மட்டும் வாயிற்கருவி தன் பொது முகவரியை மேலே எழுதியனுப்பும். லயத்து மக்கள் இதனை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்தனர் என்று சொன்னால் மிகையாகாது.

முகவரியோடு ‘மாஸ்க்’ என்றோர் எண்ணும் எழுத வேண்டும். என் லயம் எதுவரை, அயலார் எங்கிருந்து தொடங்குகிறார் என்பதைக் கருவிக்கு உணர்த்துவது அது. 255.255.255.0 என்று எழுதினால் லயத்தில் 256 எண்கள். முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை என்பதால் 254 வீடுகள். இவ்வெண்ணில் நேரும் சிறு பிழை அடுத்த வீட்டுக்காரனை அயலூரான் ஆக்கிவிடும்.

அப்பிழையை அவரும் ஒருமுறை செய்தார். மெர்சிங் சாலையோரத்துச் சிற்றூரொன்றில் சில நூறு வீடுகளின் தொலைபேசிகளைத் தாங்கி நின்ற பெட்டிக்கு, ஜொகூர் பாருவில் அமர்ந்தபடியே முகவரி மாற்றிக்கொண்டிருந்தார். மாலை மணி ஆறு. மாஸ்க் எண்ணில் ஓர் இலக்கம் தவறியது. விசையைத் தட்டிய கணத்தில் திரை உறைந்தது. தாம் அமர்ந்திருந்த கிளையைத் தாமே வெட்டிவிட்டதை அறிந்தபோது உள்ளங்கை வியர்த்ததாம். பெட்டி இறந்துவிடவில்லை, ஆனால் அதனை எட்டும் வழி இறந்துவிட்டது. எஞ்சியிருந்த ஒரே வழி பையிலிருந்த நீலக் கம்பி.

கோத்தா திங்கியைக் கடந்தபின் அந்தச் சாலையில் யானை கடக்கும் இடம் என்ற அறிவிப்புப் பலகைகள் நிற்கும். இருளும் மழையும் சேர்ந்த பயணம் அது. பெட்டியின் அருகே ஒரு சாப்பாட்டுக் கடை. கடை நடத்திய மலாய் மூதாட்டி குடையோடு ஓடி வந்தார். மகள் சிங்கப்பூரில் பிரசவ வலியோடு மருத்துவமனை சென்றிருக்கிறாள். கைத்தொலைபேசிக்கு அந்த ஊரில் அலை எட்டுவதில்லை. ஆறு மணியிலிருந்து வீட்டுத் தொலைபேசியும் செத்துக் கிடக்கிறது. “யார் செய்த வேலையோ, தம்பி?” என்று மலாயில் கேட்டார். “நான் செய்த வேலைதான், மாக்சிக்” என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. மழை என்றார், இடி என்றார். அந்தப் பொய் அவரை இன்றும் விட்டபாடில்லை.

விந்தை யாதெனில், திருத்தம் மிக எளிதாக முடிந்தது. புதிதாக இட்ட கட்டளைகளை நிலையான நினைவகத்தில் சேமிக்கும் வரை அவை கருவியின் தற்காலிக நினைவில்தான் நிற்கும். மின்சாரம் போனால் அழிந்துவிடும். பிழையை அவர் இன்னும் சேமித்திருக்கவில்லை. விசையை அணைத்து மீண்டும் போட்டார். சில நிமிடங்களில் பெட்டி பழைய முகவரியோடு கண் விழித்தது. மூதாட்டி 02 என்று தொடங்கிச் சிங்கப்பூருக்கு எண்களைச் சுழற்றுவதைக் கடையின் வாசலில் நின்று பார்த்தார். குழந்தை எட்டு மணிக்கே பிறந்திருந்தது. தாயின் குரலைக் கேட்க அந்த மகள் இரண்டு மணி நேரம் காத்திருந்திருக்கிறாள்.

அன்று முதல் அவரிடம் ஒரு பழக்கம். தொலைவிலுள்ள கருவியைத் தொடுமுன், “பத்து நிமிடத்தில் நீயே அணைந்து எழு” என்று அதற்கொரு கட்டளை இடுவார். மாற்றம் சரியாக அமைந்தால் கட்டளையை விலக்கிவிட்டுப் பிறகே சேமிப்பார். தவறினால், கருவி தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அண்மை ஆண்டுகளில் கூலாய், செடெனாக் பக்கங்களில் எண்ணெய்ப்பனை நின்ற நிலங்களில் பெரும்பெரும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. ஓய்வை நெருங்கிய அவரை அத்தகைய கட்டடமொன்றில் புதியவர்களைப் பழக்க அழைத்திருந்தனர். அவர் பிறந்த தோட்டம் என்றோ விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. பெரியப்பா ஊரிலிருந்து எழுதிய கடைசிக் கடிதம் ‘இம்முகவரியில் இல்லை’ என்ற முத்திரையோடு திரும்பிப் போனதாகப் பின்னர்தான் கேள்விப்பட்டார்.

பயிற்சிக்கு வந்த பெண் நீலக் கம்பியைச் செருகிவிட்டுக் கேட்டாள்: “ஐயா, கடைசி எண் எத போடட்டும்?”

“பதினாலு போடும்மா. முதல்ல அந்த எண்ல வேற யாரும் இருக்காங்களான்னு கூப்பிட்டுப் பாரு.”

ஒரே முகவரி இருவருக்கு வாய்த்தால் இருவருமே துன்புறுவர். பக்கத்துக் கருவியிலிருந்து அவள் அழைப்புக் கட்டளை இட்டாள். மறுநொடியே பதில் வந்தது.

“இருக்காங்க ஐயா. பதினாலுல ஏற்கெனவே ஆள் இருக்கு.”

அவர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்படியா, நல்லது. நாம பதினஞ்ச எடுத்துக்குவோம்” என்றார்.