அழித்த எண்

அன்று வேதியியல் செய்முறை வகுப்பு. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பியூரெட்டில் நிரப்பி, ஆக்சாலிக் அமிலத்தைத் தரம் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் மேசையில் நால்வர். முதன்முறை 19.6 மி.லி. மறுமுறையும் அதுவே. எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை! ஆனால் அடுத்த மேசையில், வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் தோழிக்கு 20.4 வந்திருப்பதாகச் செய்தி கசிந்தது. பிறகு கேட்க வேண்டுமா? அழிப்பான் கைமாறியது. ஐந்தே நிமிடத்தில் ஆய்வுக்கூடம் முழுவதும் 20.4 ஆகிவிட்டது.

சிஸ்டர் எங்கள் குறிப்பேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அழித்த இடத்தில் தாள் மெலிந்து பளபளத்தது. திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டியிருந்தால் அதோடு போயிருக்கும்! அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்து, "காலியம் கண்டுபிடித்த கதை தெரியுமா, பிள்ளைகளே?" என்றார்.

ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1869-இல் தனிம அட்டவணையை வெளியிட்டார். அதில் அலுமினியத்தின் கீழ் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே வரவேண்டிய தனிமத்துக்கு 'ஏகா-அலுமினியம்' என்று பெயரும் சூட்டினார். (ஏகமனதாக என்கிறோமே, அதே வடமொழி 'ஏக' தான்!) அதன் அணு எடை ஏறத்தாழ 68 இருக்கும், அடர்த்தி 5.9 இருக்கும் என்று 1871-இல் எழுதினார். யாரும் கண்ணால் காணாத பொருளுக்கு இத்தனை விவரம்.

இந்தக் கணிப்பை அறியாமலே பிரான்சில் லெகாக் டி புவாபோத்ரான் என்பவர் பிரனீஸ் மலைத் துத்தநாகத் தாதுவை ஆராய்ந்து வந்தார். 1875 ஆகஸ்டில் அவருடைய நிறமாலைமானியில் அதுவரை எவரும் காணாத இரண்டு ஊதாக் கோடுகள் தெரிந்தன. புதிய தனிமம்! காலியம் என்று பெயரிட்டு, பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அறிவித்தார். கழகத்தின் வார ஏட்டில் செய்தி அச்சாகி வெளியூர்களுக்குப் போயிற்று. மெண்டலீவ் படித்தார். இது நான் சொன்ன ஏகா-அலுமினியம்தான், அடர்த்தி 5.9 அளவில் இருக்க வேண்டும் என்று அவர் எழுதிய குறிப்பு நவம்பரிலேயே அதே ஏட்டில் வந்தது.

மறு ஆண்டு லெகாக் தம்மிடமிருந்த சிறு துணுக்கை அளந்தார். கிடைத்தது 4.7. அதையும் அப்படியே அச்சுக்குக் கொடுத்தார்! உலோகத்தை உருவாக்கியவர் சொல்வது 4.7. அதைப் பார்த்தே இராதவர் சொல்வது 5.9. இரண்டும் ஊரறிய அச்சில் இருந்தன. லெகாக் உலோகத்தை நன்கு தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்தார். இம்முறை 5.9! அதையும் வெளியிட்டார்.

அந்தக் காலியம் உள்ளங்கைச் சூட்டிலேயே உருகும், எல்.இ.டி. விளக்குகளில் அதன் சேர்மங்கள் இருக்கின்றன என்றெல்லாம் சிஸ்டர் சொன்னார். ஆனால் எங்கள் மனம் அந்த 4.7-ஐ விட்டு நகரவில்லை. அவர் அதை அழிக்கவில்லையே!

"சரி, ஒவ்வொரு மேசையாக எழுந்து, எந்தப் பாத்திரத்தை எதனால் கழுவினீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார் சிஸ்டர். பியூரெட்டை பெர்மாங்கனேட்டால், பிப்பெட்டை அமிலத்தால், கூம்புக் குடுவையைத் தண்ணீரால் என்று நாங்கள் ஒப்பித்தோம். முதல் மாணவி எழுந்தாள். பாதி சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது. குடுவையையும் ஒவ்வொரு முறையும் அமிலத்தாலேயே கழுவியிருக்கிறாள்! குடுவையில் ஒட்டியிருந்த அமிலமும் பிப்பெட்டில் எடுத்த 20 மி.லி.யோடு சேர்ந்து அளவைக் கூட்டிவிட்டது.

"உங்களுக்கு 19.6 வந்தது என்று ஏன்டி சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அப்போதே யோசித்திருப்பேனே!" என்று மதிய இடைவேளையில் எங்களிடம் கேட்டாள். நாங்கள் பதில் தெரியாமல் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தோம். எண்ணைத் தெரிந்துகொள்ள அவள் மேசையை எட்டிப் பார்த்த நாங்கள், எங்கள் எண்ணை அவளிடம் சொல்லவே இல்லை.

இப்போதெல்லாம் குறிப்பேட்டில் ஏற்றுமுன் ஒவ்வொரு மேசையின் அளவையும் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். சென்ற வாரம் ஐந்து மேசைகளுக்கு ஒன்று, எங்களுக்கு மட்டும் வேறொன்று. வெட்கமாகத்தான் இருந்தது. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, பியூரெட்டை மறுபடி நிரப்பப் போனோம்.